தோகைநாதன் இளைத்த கதை

கரட்டுமலைக் காட்டில் தோகைநாதன் என்று ஒரு மயில் இருந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு! உடம்பு என்றால் அப்படி ஓர் உடம்பு!

மலையடிவாரத்தில் ஒரு முருகன் கோயில். மயிலுக்குத் தீனி போட்டால் புண்ணியம் என்று, வருகிறவர்கள் எல்லோரும் பொரியும் கடலையும் அள்ளிப் போடுவார்கள். மற்ற மயில்கள் காலையில் ஒரு நடை போய்க் கொத்திவிட்டு, பூச்சி புழு தேடிக் காட்டுக்குள் கிளம்பிவிடும். தோகைநாதன் மட்டும் கோயில் வாசலிலேயே தங்கிவிட்டது. காலையில் பொரி. மத்தியானம் அன்னதானத்தில் மிஞ்சிய சாம்பார் சாதம். சாயங்காலம் ஏதாவது ஒரு குழந்தையின் கையிலிருந்து முறுக்கு.

"வெட்டுக்கிளியைத் துரத்திக்கிட்டு எவன் ஓடுவான்? முருகனையே சுமந்த பரம்பரை நாம! சாப்பாடுதான் நம்மளைத் தேடி வரணும்!" என்று அது சொல்லிக்கொள்ளும்.

சாப்பாடு தேடி வந்தது. கூடவே சதையும் வந்தது.

மயில்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்ததும் உயரமான மரத்தில் ஏறி அடைந்துவிடும். தரையில் தங்குகிற மயில் நரிக்கு விருந்தாகிவிடும். கரட்டுமலை மயில்கள் எல்லாம் அடைவது ஒரு பெரிய வாகை மரத்தில்.

ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம், எல்லா மயில்களும் ஒவ்வொன்றாக வாகை மரத்துக்குப் பறந்தன. தோகைநாதனும் எம்பியது. இறக்கையைப் படபடவென்று அடித்தது. ஓர் ஆள் உயரம் போனது.

தொம்!

"காத்து சரியில்லை" என்றது தோகைநாதன், மண்ணைத் தட்டிக்கொண்டே.

மறுபடியும் எம்பியது. தொம்!

"தோகை நீளமா இருக்குல்ல? அது பின்னாடி இழுக்குது!"

மூன்றாவது தடவை விழுந்தபோது காரணம் சொல்ல மூச்சு இல்லை. மரத்தின் மேலிருந்து எல்லா மயில்களும் எட்டிப் பார்த்தன. யாரும் எதுவும் சொல்லவில்லை. குண்டானவனைப் பார்த்து 'குண்டாகிவிட்டாய்' என்று சொன்னால் மனசு புண்படும் அல்லவா?

அந்த நேரம் பார்த்து, "நரி! நரி! நரி வருது!" என்று ஒரு குரல் காட்டையே கிழித்தது.

கத்தியது சிலம்பாயி என்ற ஆள்காட்டிக் குருவி. அது தரையிலேயே வாழும் பறவை. யார் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டுவதுதான் அதன் வேலை. அந்த வேலையில் அதற்கு லீவு கிடையாது.

தோகைநாதன் விழுந்தடித்துக்கொண்டு ஓடி, பக்கத்திலிருந்த சூரைமுள் புதருக்குள் புகுந்தது. துரத்தி வந்த நரி மூக்கை உள்ளே நீட்டியது. முள் நறுக்கென்று குத்தியது. நரி மூக்கை இழுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போலப் புதருக்கு வெளியே உட்கார்ந்தது.

"பயப்படாதீங்க தம்பி. என் பேரு நல்லதம்பி. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். சாப்பிட்டீங்களா?" என்றது.

"சா... சாப்பிட்டேன்!"

"வயிறு நிறையச் சாப்பிடணும். சாப்பாட்டுல மட்டும் குறை வைக்கக் கூடாது. நான் வரட்டுமா?"

நரிக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கார்த்திகை பிறந்தால் ஊர்க்காரர்கள் வேலி அடைக்க முள் வெட்ட வருவார்கள். வருஷா வருஷம் இந்தச் சூரைப் புதரைத்தான் முதலில் வெட்டுவார்கள். இது நரிக்குத் தெரியும். அதுவரைக்கும் மயில் இளைக்காமல் இருந்தால் போதும். ஓடுமீன் ஓட உறுமீன் வரும்வரை காத்திருக்கும் கொக்குக்குக் கூட நரி அளவுக்குப் பொறுமை கிடையாது.

அன்றிலிருந்து தோகைநாதனுக்கு ராத்தங்கல் முள் புதரில்தான்.

"புரட்டாசி வரட்டும். தோகை எல்லாம் உதிர்ந்துடும். அப்புறம் பாருங்க, பஞ்சு மாதிரி பறப்பேன்!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது.

புரட்டாசி வந்தது. ஒவ்வொரு இறகாகத் தோகை முழுதும் உதிர்ந்தது. கோயிலுக்கு வந்த குழந்தைகள் பொறுக்கிக்கொண்டு போய்ப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்கள். தோகைநாதன் நெஞ்சை நிமிர்த்தி எம்பியது.

தொம்!

இப்போது பழி போடத் தோகையும் இல்லை. மலைமேல் உள்ள சுனையில் போய்த் தன்னைப் பார்த்தது. தோகை போன பிறகு வயிறு மட்டும்தான் தெரிந்தது. தோகைநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இனிமே விரதம்!" என்று சபதம் போட்டது. "முருகனை நினைச்சு ஆறு நாள் பட்டினி! ஏழாம் நாள் வாகை மரம்!"

முதல் நாள் வீறாப்பாகப் போனது. இரண்டாம் நாள் காலையிலேயே கண் இருட்டியது. தோகைநாதன் தன் அத்தை பொன்னுத்தாயியிடம் போனது. பொன்னுத்தாயி பாசக்கார மயில். விரத விவகாரங்களில் அதைக் கேட்டுத்தான் காடே நடக்கும்.

"அத்தை, விரதத்துல ஒண்ணுமே சாப்பிடக் கூடாதா?"

"யாருடா சொன்னது? சோறுதான் கூடாது. பலகாரம் சாப்பிடலாம்!"

"பொரி?"

"பலகாரம்."

"கடலை?"

"அதுவும் பலகாரம்தான்."

"முறுக்கு?"

"முறுக்கு பலகாரம் இல்லாம பின்ன என்னவாம்?"

"சுண்டல், அத்தை?"

"அது பிரசாதம்டா! வேண்டாம்னு சொன்னா சாமி குத்தம்!"

தோகைநாதன் மீதி ஐந்து நாளும் விரதத்தைக் கொஞ்சமும் பிசகாமல் கடைப்பிடித்தது. சோறு ஒரு பருக்கை தொடவில்லை. ஏழாம் நாள் வாகை மரம் ஏறுவது இருக்கட்டும், முள் புதருக்குள் நுழைவதே பெரும்பாடாகிவிட்டது. முதுகெல்லாம் கீறல்.

அன்று சாயங்காலமும் நரி வந்தது. சிலம்பாயி கத்தியது. நரி குசலம் விசாரித்துவிட்டுப் போனது. நரி போனதும் சிலம்பாயி புதர் வாசலில் வந்து நின்றது.

"யோவ் தோகை! வெளியே வாய்யா!" அதன் குரல் கரகரத்தது. "என் தொண்டையைக் கேட்டியா? ஒரு நரிக்கு ஒரு தடவை கத்தினாப் போதும். நீ ஒருத்தன் கீழே கிடக்கிறதால அது தினமும் வருது. ஆடியில இருந்து கத்துறேன். நாளைக்கு என் குஞ்சுகளுக்குப் பக்கத்துல பாம்பு வந்தா கத்தக் குரல் வேண்டாமா?"

"நான் என்ன பண்றது? விரதமே இருந்து பாத்துட்டேன்!"

"உன் விரதத்தைத்தான் பாத்தேனே! ரெண்டு ஆட்டுக்குட்டி திங்கிறதை நீ ஒருத்தன் தின்ன. இந்தா பாரு, கார்த்திகையில இந்த முள்ளை வெட்டிடுவாங்க. அது தெரியுமா உனக்கு?"

தோகைநாதன் பதறியது. "வெட்டிடுவாங்களா? அப்ப நான் எங்க தங்குவேன்?"

"நரி வயித்துல! அதுக்குத்தான் அது தினமும் வந்து சாப்பிட்டியான்னு கேக்குது."

தோகைநாதன் புதரை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது: "இன்னும் ஒன்றரை மாசம்தானே இருக்கு? நாளையில இருந்து கோயில் பக்கமே போகலை. தண்ணி கூடக் குடிக்கலை. சரிதானே?"

"சரியே இல்லை! நாலாம் நாள் மயங்கி விழுவ. அஞ்சாம் நாள் அன்னதான அண்டாவுக்குள்ள தலையை விடுவ. கோயிலுக்குப் போ. ஆனா காலையில ஒரு நடை மட்டும் போ. மத்த வேளைக்குக் காட்டைக் கிளறித் தின்னு. உங்க சனம் எல்லாம் அப்படித்தானே தின்னுது? சாயங்காலம் ஆனா எதுலயாவது ஏறு."

"அதுதான் ஏற முடியலையே!"

"வாகையில ஏறச் சொன்னேனா? அந்தக் கறையான் புத்து தெரியுதா? அதுல ஏறு."

"புத்துலயா? முழங்கால் உயரம் இல்லை. பாக்கிறவங்க சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும். சிரிப்பு கடிக்காது. நரி கடிக்கும்."

மறுநாள் தோகைநாதன் ஒரே ஒரு தடவை கோயிலுக்குப் போய் வந்தது. மத்தியானம் வெட்டுக்கிளியைத் துரத்தியது. பத்தில் ஒன்பது தப்பித்துவிட்டன. சாயங்காலம் புற்றின் மேல் எம்பியது. இரண்டாம் முயற்சியில் ஏறிவிட்டது! மேலே இருந்த மயில்கள் உண்மையிலேயே சிரித்தன. தோகைநாதனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இறங்கவில்லை.

ஏழெட்டு நாளில் புற்று சுலபமாகிவிட்டது. அடுத்து, பக்கத்திலேயே ஒரு குத்துக்கல். அது இடுப்பு உயரம். இதற்கிடையில் தோகைநாதன் தினமும் மூன்று வேளை சுனைக்குப் போய்த் தண்ணீரில் வயிற்றைப் பார்த்தது. வயிறு அப்படியே இருந்தது.

"ஒரு மாத்தமும் இல்லை. எதுக்கு இந்தப் பாடு?" என்று உட்கார்ந்துவிட்டது.

"நேத்து எதுல ஏறின?" என்று கேட்டது சிலம்பாயி.

"குத்துக்கல்லுல."

"போன மாசம்?"

"எதுலயும் இல்லை."

"அப்புறம் என்னய்யா? தண்ணியில பாக்காதே. கல்லுல ஏறிப் பாரு. தண்ணி பொய் சொல்லும், கல்லு சொல்லாது."

அதிலிருந்து தோகைநாதன் சுனைக்குத் தண்ணீர் குடிக்க மட்டும் போனது. குத்துக்கல்லுக்குப் பிறகு ஒரு வேப்பமரத்து அடிக்கட்டை. நடுவில் ஒருநாள் கோயிலில் ஒரு கல்யாணம். வடையும் கேசரியும் வாசலெல்லாம் சிந்திக் கிடந்தன. தோகைநாதனால் தாங்க முடியவில்லை. விடிந்ததிலிருந்து பந்தி முடியும்வரை தின்றது. மறுநாள் புதரை விட்டு வெளியே வரவில்லை.

"எல்லாம் போச்சு! பட்ட பாடெல்லாம் ஒரே நாள்ல போச்சு!" என்று உள்ளேயிருந்து புலம்பியது.

"நேத்து தின்னது நேத்தோட போச்சு. வேப்பங்கட்டை எங்கேயும் போகலை. அங்கேயேதான் நிக்குது. வந்து ஏறு!" என்றது சிலம்பாயி.

தோகைநாதன் வந்தது. மூன்று தடவை விழுந்தது. நான்காம் தடவை ஏறியது.

ஐப்பசி நடுவில் ஒருநாள் தோகைநாதன், வாகைக்குப் பக்கத்தில் நின்ற வேலமரத்தின் தாழ்ந்த கிளையைத் தொட்டுவிட்டது. நடையே மாறிவிட்டது. கழுத்து நீண்டு தெரிந்தது. வெட்டுக்கிளிகளில் பத்துக்கு ஐந்து மாட்டின. தோகைநாதனுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு அத்தையைப் பார்க்கப் போனது.

பொன்னுத்தாயி அத்தை அதைக் கண்டதும் அலறியது.

"ஐயோ! என் தங்கமே! என்னடா இப்படி இளைச்சுட்டியே! எவ கண்ணு பட்டுச்சோ தெரியலையே!"

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஒருவன் பெருத்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இளைத்தால் மட்டும் துக்கம் விசாரிக்க ஊரே கூடிவிடும்! சித்தப்பா வந்தது, சித்தி வந்தது, ஒன்றுவிட்ட மாமா வந்தது. "கன்னம் ஒட்டிப் போச்சே!" என்றது ஒன்று. "ஏதாவது சீக்கா?" என்றது இன்னொன்று. ஆளுக்கொரு வாய் கடலை கொண்டுவந்து ஊட்டின. அத்தை அழுதுகொண்டே ஊட்டியது.

தோகைநாதன் நெகிழ்ந்துபோய்விட்டது. தன்மேல் இத்தனை பேருக்கு இவ்வளவு பாசமா! கொடுத்ததை எல்லாம் தின்றது. அன்றும் தின்றது, மறுநாளும் தின்றது. நான்கு நாள் வேலமரத்துப் பக்கமே போகவில்லை. "அத்தை சொல்றதும் சரிதான். ரொம்பத்தான் இளைச்சுட்டேன். கொஞ்சம் உடம்பு தேறட்டும்" என்று முள் புதருக்குள் சுகமாகப் படுத்துக்கொண்டது.

நான்காம் நாள் பொழுது சாயும் நேரம் நரி வந்தது. முள்ளுக்குப் பயந்து இதுவரை தள்ளியே உட்கார்ந்த அது, அன்று புதருக்குள் நன்றாக எட்டிப் பார்த்தது. அதன் முகம் வாடிவிட்டது.

"என்ன தம்பி இது! இப்படி இளைச்சுட்டீங்களே!" நரியின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "கன்னம் ஒட்டிப் போச்சே! யாரு கண்ணு பட்டுச்சோ! ரெண்டு வாய் கூடச் சாப்பிடுங்க தம்பி. எனக்காக!"

தோகைநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை சொன்ன அதே வார்த்தை! அதே கண்ணீர்! அத்தை அழுதது தன்மேல் உள்ள பாசத்தில். நரி அழுவது தன் தொடைமேல் உள்ள பாசத்தில். பாசம் வேறு வேறுதான். ஆனால் இரண்டு பேர் பேச்சையும் கேட்டால் போய்ச் சேரும் இடம் ஒன்றுதானே!

மறுநாள் விடிந்ததும் தோகைநாதன் அத்தையிடம் போனது.

"அத்தை, உங்க பாசம் எனக்கு வேணும். ஆனா கடலை வேண்டாம்."

"கடலையை வேண்டாம்னா அத்தையையே வேண்டாம்னு சொல்ற மாதிரிடா!" என்று பொன்னுத்தாயி மூக்கைச் சிந்தியது.

"இல்லை அத்தை. எனக்கு ஏதாவது செய்யணும்னா, சாயங்காலம் வந்து வேலமரத்துப் பக்கத்துல நில்லுங்க. நான் விழுந்தா, எந்திரிடான்னு சொல்லுங்க. அது போதும்."

அத்தைக்குக் கோபம். ஆனாலும் சாயங்காலம் வந்தது. நான்கு நாள் தின்றதில் தோகைநாதன் வேலமரத்தை எட்டவில்லை. குத்துக்கல்லிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. "எந்திரிடா!" என்றது அத்தை, வேண்டா வெறுப்பாக. மூன்றாம் நாள் "எந்திரிடா என் சிங்கமே!" என்றது. ஆறாம் நாள் தோகைநாதன் வேலங்கிளையில் நின்றபோது அத்தை போட்ட சத்தத்தில் ஆள்காட்டியே பயந்துவிட்டது.

கார்த்திகை பிறந்தது. இரண்டாம் நாளே ஊர்க்காரர்கள் அரிவாளோடு வந்தார்கள். மத்தியானத்துக்குள் சூரைப் புதர் முழுவதையும் வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதர் இருந்த இடம் மொட்டையாகக் கிடந்தது.

அன்று நரி வழக்கத்துக்கு முன்பே வந்தது. இன்று குசலம் விசாரிக்கவில்லை. தம்பி என்று கூப்பிடவும் இல்லை.

"நரி! நரி!" என்று கத்த வாயைத் திறந்தது சிலம்பாயி. வெறும் காற்றுதான் வந்தது. குரல் கட்டியே போய்விட்டது! பதறிப்போய் ஓடி, தோகைநாதனின் காலை நறுக்கென்று கொத்தியது.

தோகைநாதன் திரும்பிப் பார்த்தது. நரி பாய்ந்து வந்துகொண்டிருந்தது. உயிர் பயத்தில் அதற்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தினமும் ஏறிய வழியிலேயே கால் போனது. புற்றில் ஒரு கால். குத்துக்கல்லில் ஒரு தாவு. வேப்பங்கட்டை. வேலங்கிளை. நரியும் வேப்பங்கட்டையில் ஏறி எகிறியது. அதன் மூச்சுக் காற்று தோகைநாதனின் காலில் சுட்டது. இந்தக் கிளை தாழ்வு, இங்கே நின்றால் அடுத்த தாவலில் பிடித்துவிடும்.

"எம்புடா என் சிங்கமே!" என்று வாகை மேலிருந்து அத்தை அலறியது.

தோகைநாதன் இரண்டு இறக்கையையும் விரித்து எம்பியது. காற்று அதைத் தாங்கியது. அடுத்த கணம் வாகை மரத்தின் கிளை அதன் காலுக்கடியில் இருந்தது. நான்கு மாதமாக அண்ணாந்து மட்டுமே பார்த்த கிளை! தோகைநாதன் அதை இறுகப் பற்றிக்கொண்டு அழுதது.

கீழே நரி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தது. "அடப்பாவி! நிஜமாவே இளைச்சுட்டானே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு மலையை விட்டே போய்விட்டது.

மறுநாள் விடிந்தது. தோகைநாதன் ஜம்மென்று கீழே இறங்கியது.

"சிலம்பாயி! மரம் ஏறிட்டேன், நரியும் போயிருச்சு! இனிமே என்ன கவலை? கோயில்ல போய் ஒரு பிடி பிடிக்கப் போறேன்!"

சிலம்பாயிக்குக் குரல் இன்னும் சரியாகவில்லை. தோகைநாதனைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டுக் கிசுகிசுப்பாகக் கேட்டது:

"இன்னைக்கும் சாயங்காலம் ஆகும்ல? மரம் ஏறணும்ல?"

தோகைநாதன் வாகை மரத்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு கோயிலுக்குப் போனது, வழக்கம்போல ஒரே ஒரு நடை. பொரியைக் கொத்தியது. திரும்பிக் காட்டுக்குள் நடந்து, ஒரு வெட்டுக்கிளியின் பின்னால் ஓடத் தொடங்கியது.

நாலு நாள் வைராக்கியம் யாரையும் கரை சேர்க்காது. தினமும் கொஞ்சம் செய்து, தவறிய மறுநாளும் விடாமல் தொடர்கிறவருக்கே உடம்பு வசப்படும்.